வயரிங் வேலையை யாரிடம் கொடுப்பது?

மீளக் குடியேறிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டுத்திட்டப் பணத்தில் சுவர் எழும்பிவிட்டது. கூரையும் போட்டாயிற்று. இனி மின்சாரம் எடுக்க வேண்டும். சந்தியில் கண்டு பழகிய ஒரு இளைஞர் வருகிறார். "அண்ணை, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். சாமானும் நானே எடுக்கிறன், வேலையும் நானே முடிச்சுத் தாறன். காசை மட்டும் முன்னுக்குத் தாங்கோ" என்கிறார். குடும்பத் தலைவரும் கொடுத்துவிடுகிறார். இணைப்பு வந்த அன்று பல்ப் எரிகிறது. எல்லோருக்கும் சந்தோசம். மாரி தொடங்கிய பின் ஒருநாள் கிணற்றடியில் மோட்டரைத் தொட்ட மனைவியின் கை விறைக்கிறது. கழற்றிப் பார்த்தால் மோட்டருக்கு எர்த் வயரே போடப்படவில்லை. இளைஞரின் தொலைபேசியோ வேலை செய்யவில்லை.

அன்று அந்தப் பெண் தப்பியது அதிர்ஷ்டம். ஒரு குடும்பத்தின் உயிரை அதிர்ஷ்டத்திடம் விட முடியாது. ஆகவே மின்வேலைக்கு ஆளைத் தெரிவு செய்வது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எங்களுக்கு ஏன் இந்த அறிவு குறைவு?

1990இல் யாழ். குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. வன்னியில் பல கிராமங்கள் அதற்கு முன்னரும் மின்சாரத்தைக் கண்டதில்லை. 2009இல் போர் முடிந்த பின்னரே கம்பிகள் மெல்ல மெல்ல எங்கள் ஒழுங்கைகளுக்கு வந்தன. விதைநெல்லைக் கையில் எடுத்தவுடன் நல்லது கெட்டது சொல்லும் எங்களுக்கு, வயரைக் கையில் எடுத்தால் அப்படிச் சொல்லத் தெரியாமற் போனதற்குக் காரணம் இதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டுப் படித்தால் போதும்.

எல்லை எங்கே?

தூணிலிருந்து மீற்றர் வரை உள்ளது மின்சாரம் வழங்குபவரின் பொறுப்பு. மீற்றருக்குப் பின்னால் வீட்டுக்குள் போவது எங்கள் பொறுப்பு. 1969இல் உருவான இலங்கை மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் பிரித்துக் கொடுப்பதற்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வழி செய்தது. அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறினாலும் இந்த எல்லை மாறாது. இணைப்புக்கு எந்தப் படிவம், எந்தச் சான்று வேண்டும் என்பதை உங்கள் பகுதி மின் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இதை வேலை தொடங்குமுன் கேட்க வேண்டும். வேலை முடிந்த பின் கேட்டால் சுவரை இரண்டாம் தரம் கொத்த வேண்டி வரலாம்.

மூன்று கடதாசிகள்

"என்னிடம் பதிவு இருக்கிறது" என்று சொல்பவரிடம், என்ன பதிவு என்று கேளுங்கள். மூன்று வகை உண்டு.

1. வியாபாரப் பெயர்ப் பதிவு. இது பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெறப்படுவது. இந்தப் பெயரில் ஒரு தொழில் நடக்கிறது என்பதை மட்டுமே இது காட்டும். அவருக்கு வயரிங் தெரியும் என்று இது சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

2. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். இதை என்.வி.கியூ. என்பார்கள். இது ஆளுக்குரியது. அந்த ஆள் செய்முறையில் சோதிக்கப்பட்டார் என்பதற்கு இதுவே அத்தாட்சி. வீட்டு வயரிங் செய்பவரிடம் மின் வேலைக்குரிய மூன்றாம் மட்டச் சான்றிதழாவது உண்டா என்று பாருங்கள். சான்றிதழிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். சான்றிதழ் உள்ளவர் விலை பேசிவிட்டு, தெரியாத பையனை வேலைக்கு அனுப்புவதும் உண்டு.

3. ஒப்பந்தகாரர் பதிவு. இதைத் தருவது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. இது 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. ஒப்பந்தகாரர்கள் இங்கே தரப்படுத்தப்படுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் நெல் ஆலை, சனசமூக நிலையம், பொது மண்டபம் போன்ற பெரிய வேலைகளைக் கொடுக்கும் நிர்வாக சபை இந்தப் பதிவைக் கேட்க வேண்டும். இரண்டு அறை வீட்டுக்குத் திறமையான ஒரு மின்வேலையாளர் போதும்.

கடதாசி மட்டும் போதாது. அவர் முன்பு வயரிங் செய்த இரண்டு வீடுகளின் முகவரியைக் கேட்டு வாங்கி, ஒரு மாரியாவது கண்ட வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

விலை கேட்கும் முறை

வயரிங் கூலி பெரும்பாலும் பொயின்ற் கணக்கில் பேசப்படும். முதலில் ஒரு கடதாசியில் வீட்டின் படத்தைக் கீறி, எங்கே பல்ப், எங்கே பிளக், மோட்டர் எங்கே என்று குறியுங்கள். சமையல் செய்பவரையும் படிக்கும் பிள்ளைகளையும் கேட்டுக் குறிப்பது நல்லது. பின்னர் அதே படத்தை மூன்று பேரிடம் காட்டி எழுத்தில் விலை வாங்குங்கள். ஆளுக்கொரு கணக்குச் சொன்னால் ஒப்பிட முடியாது. ஒரே படத்துக்கு வாங்கிய விலைகளையே ஒப்பிடலாம்.

மிகக் குறைந்த விலை வந்தால், எதைக் குறைத்தார் என்று கேளுங்கள். அநேகமாக அது எர்த் வயராக இருக்கும், அல்லது ரிப் சுவிச்சாக இருக்கும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

- பல்ப் சுற்றுக்கு வழக்கமாக 1/1.13 வயரும் பிளக் சுற்றுக்கு 7/0.67 வயரும் போடுவார்கள். பிளக்குக்கு மெல்லிய வயர் போட்டால் அது சூடாகித் தீப்பிடிக்கலாம். வயரில் எஸ்.எல்.எஸ். முத்திரை உண்டா என்று பாருங்கள்.
- எர்த் வயர் பச்சை அல்லது பச்சை-மஞ்சள் நிறம். அது ஒவ்வொரு பிளக்குக்கும் மோட்டருக்கும் போய், வெளியே நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியுடன் சேர வேண்டும்.
- 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். சிறிய பிரேக்கர்கள் வயரைக் காப்பவை. ஆளைக் காப்பது ரிப் சுவிச். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தரம் அமத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.
- பிளக் பொயின்ற் எல்லாம் மூன்று சதுரக் கால் கொண்ட 13 அம்பியர் வகையாக இருக்கட்டும். இதையே நாடு ஒரே தரமாக ஏற்றிருக்கிறது. கடையில் மிஞ்சிய பழைய வட்டக் கால் வகையை மலிவு என்று வாங்க வேண்டாம்.
- சுவருக்குள் போகும் வயர் குழாய்க்குள் போக வேண்டும். ஆகவே மேசன் பூச்சுப் பூசுமுன் மின்வேலையாளரை அழையுங்கள். பூசுமுன் குழாய்கள் போன வழியைப் படத்தில் குறித்து வைத்தால், பின்னர் ஆணி அடிக்கும்போது உதவும்.

காசு கொடுக்கும் முறை

சாமான் பட்டியலை அவர் எழுதித் தரட்டும். சாமானை நீங்களே கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கூலியை நான்காகப் பிரியுங்கள்: தொடங்கும்போது ஒரு பங்கு, குழாயும் வயரும் போட்டபின் ஒரு பங்கு, பிளக், சுவிச், ரிப் சுவிச் பூட்டியபின் ஒரு பங்கு. கடைசிப் பங்கை, மீற்றருக்குப் பின்னுள்ள வயரிங்கைக் கருவி வைத்துச் சோதித்து, இணைப்புக் கிடைத்து எல்லாம் இயங்கியபின் கொடுங்கள். ஒவ்வொரு தரமும் தொகை, திகதி, கையெழுத்து எழுதிக்கொள்ளுங்கள். இதை அவமதிப்பாக நல்ல தொழிலாளி எடுக்கமாட்டார். அந்த எழுத்து அவரது கூலிக்கும் காவல்தான். வேலை ஒழுங்காக முடிந்தால் சொன்ன நாளிலேயே காசைக் கொடுத்துவிடுவது எங்கள் கடமை.

பிணக்கு வந்தால்

முதலில் இரு பகுதியும் எழுதிய கடதாசியை வைத்துப் பேசுங்கள். தீராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி இல்லாமல் நாமே பேசலாம். கடையில் வாங்கிய சாமான் பழுது என்றால் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அலுவலரிடம் முறையிடலாம். இரண்டுக்கும் உங்கள் பலம் அந்தப் பற்றுச்சீட்டுகளே.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழி

கதையில் வந்த இளைஞரைத் திட்டிவிட்டுப் போவது இலகு. அவரும் முகாமில் வளர்ந்து, யாரோ ஒருவரின் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துத் தொழில் பழகியவராக இருக்கலாம். அப்படிப் பழகியவர்களும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில் தமது திறமையைச் செய்து காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அதற்குத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தை நாட வேண்டும். உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் இதைச் சொல்லுங்கள். சரியாகப் படித்த ஒருவர் ஊருக்குள்ளேயே இருந்தால், இரவில் ஒரு பழுது வந்தாலும் தேடிப் போக அதிக தூரம் இல்லை.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் ரிப் சுவிச் உண்டா? கடைசியாக எப்போது அதன் பொத்தானை அமத்தினீர்கள்?
2. உங்கள் கிராமத்தில் வயரிங் செய்பவர்களில் எத்தனை பேரிடம் என்.வி.கியூ. சான்றிதழ் உண்டு?
3. பத்து வீட்டார் சேர்ந்து ஒரே மின்வேலையாளருடன் விலை பேசினால் என்ன நன்மை, என்ன சிக்கல்?
4. கிணற்றடி மோட்டர்களின் எர்த் வயரை மாரிக்கு முன் சோதிப்பிக்க உங்கள் கமக்காரர் அமைப்பு ஒரு நாளை ஒதுக்க முடியுமா?