விஷ ஆவியை மோப்பம் பிடிக்கும் டிரோன்

2020ஆம் ஆண்டு மே 7ந் தேதி விடியற்காலையில், விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில், ஒரு தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து ஊருக்குள் பரவியது. எழுந்து ஓடியவர்களில் பலர் வழியிலேயே மயங்கி விழுந்தனர். 12 பேர் இறந்தனர். கால்நடைகளும் மடிந்தன, மரஞ்செடிகளின் இலைகள் கருகின.

இத்தகைய நேரத்தில் ஆவி எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதை ஆள் நேரில் போய்ப் பார்ப்பது ஆபத்து. இதற்கு உதவுபவையே ஆளில்லாமல் பறக்கும் சிறு டிரோன்கள்.

ஆவி செல்லும் வழி

ஸ்டைரீன் ஆவி காற்றைவிடச் சுமார் மூன்றரை மடங்கு கனமானது. குடிநீரைச் சுத்தம் செய்யப் பயன்படும் குளோரின் இரண்டரை மடங்கு கனமானது. கனமான ஆவி, மடை திறந்த நீர் போலப் பள்ளத்தை நாடும்; வாய்க்காலிலும் கிணற்றிலும் தங்கும். குளிர்பதனக் கிடங்குகளிலும் ஐஸ் ஆலைகளிலும் உள்ள அம்மோனியா காற்றைவிட லேசானது. ஆயினும் திரவமாகக் கசிந்தால் குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழும்.

டிரோன் செய்யும் வேலை

டிரோனில் உணர்கருவிகள் பொருத்தப்படுகின்றன. குளோரின், அம்மோனியா போன்றவை உணர்கருவியினுள் புகுந்ததும் வேதிமாற்றத்தால் சிறிது மின்சாரம் உண்டாகும். அதன் அளவைக் கொண்டு வாயுவின் அளவு கணக்கிடப்படும். ஸ்டைரீன் போன்ற ஆவிகளைப் புற ஊதா விளக்குள்ள கருவி காட்டும். 10 லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு குளோரின் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. இவ்வளவு சிறு அளவையும் கருவி அறியும். அளவும் இடமும் உடனுக்குடன் தரைக்கு வருவதால், எந்தத் தெருவை முதலில் காலி செய்வது என்று மீட்புக் குழுவினர் முடிவு செய்யலாம்.

இதன் குறைகள்

டிரோனின் விசிறிகள் காற்றைக் கலைத்து ஆவியின் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் காற்றை உறிஞ்சும் குழாயை விசிறிக்கு அப்பால் நீட்டி வைப்பதுண்டு. உணர்கருவி அளவைக் காட்டச் சில விநாடிகள் பிடிப்பதால் மெதுவாகப் பறக்க வேண்டும். புற ஊதாக் கருவி ஆவி இருப்பதைச் சொல்லுமே தவிர, இன்ன ஆவி என்று பெயர் சொல்லாது. தீப்பற்றும் ஆவி அடர்ந்துள்ள இடத்தில் டிரோனின் மின்பொறியே ஆபத்தாகலாம்.

விவசாயிகள் கவனத்திற்கு

டிரோன் வந்து சேரும்வரை உயிரைக் காப்பது அவரவர் அறிந்த காற்றும் மேடு பள்ளமுமே.

1. காற்று வீசும் திசையிலேயே ஓடக்கூடாது. காற்றுக்குக் குறுக்காக விலகி மேட்டுப்பாங்கான இடத்திற்குச் செல்ல வேண்டும்.

2. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது குளோரின், அம்மோனியாவுக்கு ஓரளவு உதவும்.

3. கிணறு, பள்ளம், வாய்க்காலில் பதுங்கக்கூடாது.

4. மயங்கியவரைத் தூக்க உரிய சுவாசக் கருவியின்றி ஆவிக்குள் புகக்கூடாது. தூக்கப் போனவரும் விழுவார்.

5. ஆவி பட்ட தீவனத்தையும் காய்கறியையும், அதிகாரிகள் சோதித்துச் சொல்லும்வரை மாட்டுக்கோ மனிதருக்கோ தரக்கூடாது.

அருகில் குளிர்பதனக் கிடங்கோ தொழிற்சாலையோ உள்ள ஊரார், அங்கு என்ன வாயு உள்ளது, எந்த மாதத்தில் காற்று எத்திசையில் வீசும், ஊரில் மேடு எது என்பவற்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.