அளவுக் கப் தேவையில்லை, அளவு தேவை

அன்புள்ள தங்கைக்கு,

மலையேற்றப் பையின் எடையைக் குறைக்க அளவுக் கப்பை வீட்டிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக விட்டுவிடு. ஆனால் அளக்கிற வேலையைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடு.

சமையலறை டிஜிட்டல் தராசில் உன் டைட்டானியம் பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்று. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். 250 கிராம் வந்ததும் நீள ஸ்பூனைச் செங்குத்தாக உள்ளே நிறுத்தி, நனைந்த இடத்தில் ஆணியால் கீறு. 500-க்கு இன்னொரு கீறல். பாத்திரத்தில் கம்பெனி போட்ட கோடுகளையும் அப்படியே சரிபார்த்துவிடு.

அகலப் பாத்திரத்தில் நுட்பம் எதிர்பார்க்காதே. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் மூன்று மில்லிமீட்டர் பிசகினாலே இருபது மில்லிக்கு மேல் போய்விடும். கறாராக அளக்க ஒடுங்கிய பாட்டில்தான் நல்லது. அதிலும் ஒரு லிட்டர் பாட்டிலை வாய்வரை நிரப்பினால் லிட்டரைத் தாண்டிவிடும். சரியான மட்டத்தில் அழியாத மையால் கோடு போட்டுக்கொள். மடக்குத் தண்ணீர்ப் பையின் கோடுகளை நான் நம்புவதே இல்லை. பை உப்புகிற விதத்துக்கேற்ப மட்டம் மாறும்.

எல்லாத் தண்ணீருக்கும் இவ்வளவு கறார் வேண்டாம். நூடுல்ஸுக்குக் கண்ணளவு போதும். சோற்றுக்கோ, வீட்டுக் கணக்கே மலையில் செல்லாது. 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரமாகும், ஆவியாகப் போவதும் கூடும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றி, மூடியே வை.

கை நடுங்கக் கூடாத இடம், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் தூள். அதை அரை லிட்டரில் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் இரட்டிப்பாகும். வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகலாம். தண்ணீர் கூடிப்போனால் இழந்த உப்பு ஈடாகாது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது, அதனால் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பிரி. பெரிய பாக்கெட்டைக் கண்ணளவாகப் பாதி கொட்டாதே. முழுவதையும் ஒரு லிட்டரில் கரைத்து, வேண்டியதை ஊற்றிக் கொடு. குளோரின் மாத்திரையும் இப்படித்தான், எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையிலேயே இருக்கும்.

உன் பாட்டிலில் எந்தக் கோடு எந்த அளவு என்பதைக் குழுவில் இன்னும் இரண்டு பேருக்காவது காட்டிவை. காய்ச்சலில் நீயே படுத்துவிட்டால், உனக்குக் கலக்கிக் கொடுக்கப்போவது அவர்கள்தான்.

அன்புடன்,
அண்ணன்