விறகு உலர்த்தும் கலை

நுழையும்முன்

நீண்ட குளிர்காலத்தைக் கொண்ட நாடுகளில் விறகைச் சேமித்தல் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்த அறிவாகும். நார்வே மக்களின் அத்தகைய பட்டறிவையும் அதன் அறிவியல் அடிப்படையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஐரோப்பாவின் வடகோடியில் அமைந்த நாடு நார்வே. அதன் உட்பகுதிகளில் குளிர்கால வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 20 பாகையையும் தாண்டி இறங்குவதுண்டு. அங்கே பெரும்பாலான வீடுகளை மின்சாரமே வெப்பப்படுத்துகிறது. எனினும் பனிப்புயலில் மின்சாரம் தடைப்படும் இரவில் வீட்டாரைக் காப்பது விறகடுப்பே. அந்த விறகு ஈரமாக இருந்தால் என்னவாகும்?

ஈரமும் நெருப்பும்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கக்கூடும். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்கவே சுமார் 2260 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. நீர் வெளியேறும்வரை நெருப்பின் வெப்பநிலை உயர்வதில்லை. ஆகவே, மரத்திலிருந்து எழும் வாயுக்கள் முழுமையாக எரியாமல் புகையாகின்றன. அப்புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் தார்போலப் படிகிறது. பின்னொரு நாள் அப்படிவு தீப்பற்றினால் வீடே எரியும் இடர் நேரும். ஆதலால் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்கும் குறைந்த விறகையே எரிக்க வேண்டும் என்பர்.

வெட்டுதலும் பிளத்தலும்

மரங்கள் துளிர்ப்பதற்கு முன், குளிர்காலத்தின் இறுதியில் அவற்றை வெட்டுவது மரபு. வெட்டிய மரத்தை உடனே துண்டாக்கிப் பிளப்பர். மரத்தின் நீர், நீளவாக்கில் அமைந்த நுண்குழாய்கள் வழியாக வெட்டுமுனைகளில் விரைந்து வெளியேறுகிறது. எனவே துண்டு குறுகியதாக இருந்தால் விரைவில் உலரும். அங்கு மிகுதியாகப் பயன்படும் பிர்ச் மரத்தின் பட்டை நீரைக் கடத்தாது. பிளக்காமல் விட்டால் உள்ளேயே ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும்.

அடுக்கும் முறை

மண்ணின் ஈரம் ஏறாதவாறு கட்டைகளின்மேல் விறகை அடுக்குவர். காற்று நுழைய இடைவெளி விடுவர். மேற்புறத்தை மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவைப்பர். முழுவதும் போர்த்தினால் வெளியேறும் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நன்கு உலர்ந்த விறகின் முனையில் வெடிப்புகள் தோன்றும். இரு துண்டுகளைத் தட்டினால் கணீரென ஒலிக்கும்.

தெரிந்து தெளிவோம்

2013 பிப்ரவரியில் நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி, விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் எட்டு மணி நேரம் அடுப்பில் விறகு எரிவதே காட்டப்பட்டது! அடுக்கும்போது பட்டை மேல்நோக்கி இருக்க வேண்டுமா, கீழ்நோக்கி இருக்க வேண்டுமா என்று பார்வையாளர்கள் வாதிட்டனர்.

விறகு உலர வெயிலும் காற்றும் பல மாதங்கள் உழைக்க வேண்டும். இளவேனிலில் தவறவிட்ட வேலையைக் கடுங்குளிரில் ஈடுசெய்ய இயலாது. வரும்முன் காத்தலின் பொருளை விறகடுக்கும் உணர்த்துகிறது.

சிந்தனை வினா

விறகடுக்கின் பக்கங்களையும் மூடிவைத்தால் நேரும் விளைவைக் காரணத்துடன் விளக்குக.