கச்சானும் பூட்டுப் போட்ட கட்டுரையும்



இந்தக் கிழமை எபிசோட்டில ஓப்பன் அக்சஸ் பற்றிக் கதைச்சம், ஆனா நேரம் போதாமல் ஒரு நல்ல உதாரணத்தை விட்டுட்டம். அதை இங்க ஆறுதலாப் பார்ப்பம். கச்சான் அலர்ஜி. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: வேர்க்கடலை.)

2000ஆம் ஆண்டில அமெரிக்கக் குழந்தை மருத்துவ அக்கடமி, அலர்ஜி வரக்கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கச்சான் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னது. 2008இல ஆதாரம் போதாது எண்டு அந்த ஆலோசனை கைவிடப்பட்டது. அதே வருசம் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிடியன் லாக் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. பிரிட்டனில் வாழும் யூதப் பிள்ளைகளில் 1.85 வீதத்தினருக்குக் கச்சான் அலர்ஜி, இஸ்ரேலில் 0.17 வீதம்தான். இஸ்ரேலில குழந்தைகள் பல் முளைக்கிற வயசிலயே 'பம்பா' எண்ட கச்சான் தின்பண்டம் சாப்பிடுவினம். ஆனா அதுதான் காரணம் எண்டு அவ்வளவை வைச்சுச் சொல்லேலாது. அதுக்குப் பரிசோதனை வேணும்.

அந்தப் பரிசோதனைதான் 'லீப்'. 2015இல நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்தது. கடுமையான கரப்பனோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகள், வயது 4 முதல் 11 மாதத்துக்குள். பாதிப்பேருக்குக் கச்சான் குடுத்தார்கள், பாதிப்பேருக்குத் தவிர்த்தார்கள். தோல் பரிசோதனையில் எதுவும் காட்டாத பிள்ளைகளில், ஐந்து வயதில் அலர்ஜி வந்தது: தவிர்த்தவர்களில் 13.7 வீதம், சாப்பிட்டவர்களில் 1.9 வீதம். தோல் ஏற்கெனவே சிறிதாகத் தடித்தவர்களில் 35.3க்கு 10.6.

இவ்வளவும் சுருக்கத்திலயே இருக்கு. சுருக்கம் எல்லாருக்கும் இலவசம். பிறகு ஏன் முழுக் கட்டுரை வேணும்?

ஏனெண்டா, தோல் 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. 76 பேர். ஏற்கெனவே அலர்ஜி இருக்கலாம், குடுத்தால் ஆபத்து எண்டு. சாப்பிடுற குழுவுக்கும் முதல் தடவை டொக்டர்மார் பக்கத்தில் இருக்கத்தான் குடுத்தார்கள். இது 'முறைகள்' பகுதியில இருக்கு. சுருக்கத்தை மட்டும் வாசிச்ச ஆள், "கரப்பனா? கச்சான் குடுங்கோ, சரியாப் போயிடும்" எண்டு குடும்ப வாட்ஸ்அப்பில போட்டுவிடும். எங்கட குழுவில ஒருக்கா அப்படித்தான் வந்தது. அதுக்குக் கீழ ஒரு மாமி, "ஐயோ, மூண்டு வயசுவரை காட்டவே வேண்டாம்" எண்டு எழுதினா. ஒருவர் கட்டுரையில பாதி, மற்றவர் 2000ஆம் ஆண்டு. நடுவில அக்கா, கையில ஐந்து மாதக் குழந்தை, கன்னம் முழுக்கக் கரப்பன். அவளுக்கு ஒரு பதில் வேணும், அதுவும் இந்தக் கிழமையே வேணும்.

சரி, பூட்டை எப்படித் திறக்கிறது? முதல் வழி சட்டம். லீப் ஆய்வுக்கு அமெரிக்க அரசின் என்ஐஎச் பணமும் போனது. 2008 முதல் அந்தப் பணத்தில் நடந்த ஆய்வுகளை 12 மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் எல்லாருக்கும் திறந்துவிட வேணும். 2025 ஜூலை 1 முதல் காத்திருப்பே இல்லை, வெளியான உடனேயே. ஆக, ஜேர்னல் பக்கம் காசு கேட்டால் அங்கயே நிக்காமல், தலைப்பைக் கொப்பி பண்ணி பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கோ. அன்பேவோல் எண்ட பிரௌசர் நீட்சியைப் போட்டால் சட்டப்படியான இலவசப் பிரதியை அதுவே தேடித் தரும். அதுவும் இல்லையெண்டால் ஆசிரியருக்கு ஒரு ஈமெயில். அனேகமானோர் சந்தோசமா அனுப்புவினம்.

இரண்டாவது, தொடக்கத்திலிருந்தே திறந்த ஜேர்னல்கள். கனேடிய அலர்ஜி, நோயெதிர்ப்பு மருத்துவச் சங்கத்தின் 'அலர்ஜி, ஆஸ்மா அண்ட் கிளினிக்கல் இம்யூனாலஜி' அப்படி ஒண்டு. இங்க வாசகர் காசு கட்டுறதில்லை, எழுதினவரின் பக்கம் கட்டுது. எனக்கு இதில ஒரு நெருடல் இருக்கு: பணமில்லாத நாட்டு ஆய்வாளர் என்ன செய்வார்? சிலருக்குக் கட்டணத் தள்ளுபடி உண்டு, எல்லாருக்கும் இல்லை. இந்தக் காசைக் குறிவைச்சுப் போலி ஜேர்னல்களும் முளைச்சிருக்கு. பெயர் புதுசா இருந்தால் டிஓஏஜே பட்டியலில இருக்கா எண்டு பாருங்கோ.

'இலவசமா வாசிக்கலாம்' வேற, 'திறந்தது' வேற. கட்டுரையின் அடியில சிசி பிஒய் எண்டு இருந்தால், பெயரையும் மூலத்தையும் குறிப்பிட்டு நீங்களே தமிழில மொழிபெயர்த்து அம்மம்மாவுக்குக் குடுக்கலாம், யாரையும் கேக்கத் தேவையில்லை. அப்படியான உரிமம் எதுவும் இல்லாத இலவசக் கட்டுரைக்கு அந்த உரிமை கிடையாது.

அக்காவுக்கு நான் அனுப்பினது லீப் இல்லை. அதைத் தொடர்ந்து 2017 ஜனவரியில் வந்த அமெரிக்க வழிகாட்டல். உலக அலர்ஜி அமைப்பின் திறந்த ஜேர்னலிலயும் வந்தது. கடுமையான கரப்பன் இருந்தால் முதலில் பரிசோதனை, பிறகு 4 முதல் 6 மாதத்துக்குள் தொடக்கம் எண்டு அது சொல்லுது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் டொக்டரிட்டப் போனா. (முழுக் கச்சானைக் குழந்தைக்குக் குடுக்காதேங்கோ, தொண்டையில அடைக்கும்.)

இந்தக் கிழமை வேலை: உங்கட வீட்டில ஆருக்காவது இருக்கிற ஒரு வருத்தத்தைப் பற்றித் திறந்த கட்டுரை ஒண்டு தேடி, 'முறைகள்' பகுதியை மட்டும் வாசிங்கோ. ஆரைச் சேர்க்கேல்லை எண்டு ஒரு வரியில ரிப்ளை பண்ணுங்கோ. வந்ததில சிலதை அடுத்த எபிசோட்டில வாசிப்பம்.