மணலி யார்டிலிருந்து ராயபுரத்துக்கு 500 போட்டோ

கேள்வி: ராயபுரத்தில் ஒரு சுங்கத் தரகர் ஆபீசில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். மணலியில் உள்ள கன்டெய்னர் ஃப்ரெய்ட் ஸ்டேஷனில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கன்டெய்னர் திறக்கும்போது, சரக்கு இறக்கும்போது, சீல் போடும்போது எல்லாம் போட்டோ எடுப்பார்கள். ஒரு நாளைக்கு 400, 500 சேரும். அவசரமானது வாட்ஸ்அப்பில் வரும், மீதி பென்டிரைவில் சாயங்காலம் பைக்கில் வரும். போன மாதம் சரக்கு நனைந்ததாக ஒரு பார்ட்டி தகராறு செய்தபோது, நாங்கள் கொடுத்த படங்களில் எடுத்த தேதியே இல்லை என்று சர்வேயர் சொல்லிவிட்டார். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் எல்லாப் படமும் ஆபீசுக்கு வந்துவிடும் என்கிறார் எங்களுக்கு நெட்வொர்க் பார்க்கும் அண்ணன். முதலில் எஸ்சிபி என்றார், பிறகு ஆர்சிங்க் என்றார். எதை வைத்துக்கொள்வது? யார்டில் லைன் அடிக்கடி போய்விடும். நான் பி.காம். படித்தவள், என்னால் இதெல்லாம் முடியுமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: தாராளமாக முடியும். இன்வாய்ஸில் ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. இந்த வேலைக்கு வேண்டியது அதுதான். அண்ணன் சொன்ன இரண்டில் உங்களுக்குச் சரிப்படுவது ஆர்சிங்க்.

முதலில் அந்தத் தேதித் தகராறு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த நாள், நேரம், இடம் என்று கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்புகளும் காணாமல் போய்விடும். சர்வேயர் தேடியது அந்தக் குறிப்புகளைத்தான். டாக்குமென்டாக அனுப்பினால் படம் உள்ளபடியே வரும், ஆனால் தினம் 500 படத்தை அப்படிப் பொறுக்கி அனுப்ப யாருக்குப் பொறுமை இருக்கிறது? பென்டிரைவில் முழுசாக வரும். ஆனால் அது வழியில் தொலைந்தால் அன்றைய சாட்சியம் மொத்தமும் போயிற்று.

எஸ்சிபி பழைய, எளிய கருவி. எஸ்.எஸ்.ஹெச். என்ற பூட்டிய பாதை வழியாக ஒரு கோப்பை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே கொண்டுபோய் வைக்கும். லைன் நன்றாக இருக்கும் இடத்தில், இரண்டு மூன்று கோப்பு அனுப்ப, அதைப்போல வசதி கிடையாது. உங்கள் யார்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். 312ஆவது படம் போய்க்கொண்டிருக்கும்போது லைன் அறுகிறது. 311 படம் ஆபீசில் நன்றாக இருக்கும். 312ஆவது பாதியாக, ஆனால் தன் முழுப் பெயரோடு அங்கே உட்கார்ந்திருக்கும். திறந்தால் மேலே கன்டெய்னர் கதவு தெரியும், கீழே வெறும் சாம்பல் நிறம். மறுபடி அதே வரியை அடித்தால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அந்தப் பாதிப் படம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. வராத படத்தை யாராவது கேட்டு வாங்கிவிடுவார்கள். பாதி வந்த படத்தின் பெயர் பட்டியலில் இருப்பதால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து க்ளெய்ம் வரும்போதுதான் அதைத் திறப்பீர்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சின்ன எழுத்து ‘பி’ என்ற விருப்பத்தைச் சேர்க்க மறந்தால், எஸ்சிபி கொண்டுபோய் வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் வந்து சேர்ந்த நேரமே தேதியாகிவிடும். படத்துக்குள் இருக்கும் குறிப்பு அழியாது என்றாலும், ஃபோல்டரைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாமே இன்றைய தேதியில் நிற்கும். ஏற்கெனவே தேதியில் அடிபட்டவர்கள் நீங்கள்.

ஆர்சிங்கை 1996 ஜூன் மாதம் ஆண்ட்ரூ டிரிஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்டார்கள். மெதுவான லைனில் வேலை ஓட வேண்டும் என்ற தேவையில் பிறந்தது அது. அனுப்பும் முன் இரண்டு பக்கத்துப் பட்டியலையும் ஒப்பிடும். அளவும் தேதியும் ஒன்றாக இருக்கும் கோப்புகளைத் தொடாது. புதிதாக ஒன்று வரும்போது, அதை முதலில் புள்ளியில் தொடங்கும் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதும். முழுவதும் வந்து, சரிபார்த்த பிறகே உண்மைப் பெயரைச் சூட்டும். நடுவில் லைன் போனால் அந்தத் தற்காலிகக் கோப்பை அழித்துவிடும். ஆகவே உங்கள் ஃபோல்டரில் பெயரோடு இருக்கும் படம் எல்லாம் முழுப் படம். மறுபடி அதே வரியை அடித்தால் 312இலிருந்து தொடரும்.

சரிபார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். உங்களுக்கு இது ஏற்கெனவே பழக்கமானதுதான். கன்டெய்னர் நம்பரில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அதற்குப் பிறகு கட்டம் கட்டி ஓர் இலக்கம் இருக்கும் இல்லையா? அந்தக் கடைசி இலக்கம் மற்ற பத்திலிருந்தும் கணக்குப் போட்டு வருவது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் மிஞ்சுவது அந்த இலக்கம் (10 மிஞ்சினால் 0). ஷிப்பிங் பில்லில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும். ஆர்சிங்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இதைத்தான் செய்கிறது. உங்கள் இலக்கம் ஒன்றே ஒன்று, அதனுடையது 128 பிட் நீளம். அனுப்பிய பக்கமும் வாங்கிய பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒத்துப்போனால்தான் பெயர் சூட்டும்.

பெரிய கோப்பு கொஞ்சம் மாறியிருந்தால், அதைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வித்தையும் அதனிடம் உண்டு. அதனால்தான் அது பெயர் வாங்கியது. போட்டோக்களுக்கு அதனால் லாபமில்லை, ஒவ்வொன்றும் புதுசு. டேலி டேட்டாவை ராத்திரி அனுப்பும்போது பயன்படும். டேலியை மூடிவிட்டு அனுப்புங்கள்.

இப்போது அந்த வரி. போனில் சொல்வதுபோல் சொல்கிறேன், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது அடித்துப் பாருங்கள். முதலில் ஆர்சிங்க். ஓர் இடைவெளி விட்டு ஹைஃபன், அதை ஒட்டி ‘ஏ’, ‘வி’. ‘ஏ’ என்றால் உள் ஃபோல்டர்களையும் தேதிகளையும் அப்படியே காப்பாற்று என்று அர்த்தம், ‘வி’ என்றால் என்ன செய்கிறாய் என்று சொல்லிக்கொண்டே செய். அடுத்து யார்டு கம்ப்யூட்டரில் படம் இருக்கும் ஃபோல்டர். கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பயனர் பெயர், அட் குறி, முகவரி, கோலன், போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர். அவ்வளவுதான். ஃபோல்டர் பெயர்களில் இடைவெளி வைக்காதீர்கள். ‘நனைந்த சரக்கு’ என்று பெயர் இருந்தால் அது இரண்டு தனிப் பெயராக எடுத்துக்கொள்ளும். கன்டெய்னர் நம்பரையும் தேதியையும் சேர்த்தே பெயர் வைத்துவிடுங்கள்.

அனுப்பும் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ் போடுவதா வேண்டாமா என்பதில் பல பேர் தடுமாறுவார்கள். போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரோடு போகும். இன்று போட்டு நாளை மறந்தால் ஆபீசில் ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் ‘ஏவி’யோடு ‘என்’ சேர்த்து அடியுங்கள். எதையும் அனுப்பாமல், என்னென்ன அனுப்பப் போகிறது என்று மட்டும் பட்டியல் போட்டுக் காட்டும்.

ஸ்டஃபிங் வீடியோ மாதிரி 300 எம்.பி. சமாச்சாரம் இருந்தால், அறுந்த இடத்திலிருந்து தொடர ‘பார்ஷியல்’ என்ற விருப்பத்தைப் பலர் சொல்லிக் கொடுப்பார்கள். ‘பார்ஷியல்’ என்று மட்டும் போட்டால் பாதிக் கோப்பு உண்மைப் பெயரிலேயே நின்றுவிடும், நாம் பயந்த அதே நிலைமை. ‘பார்ஷியல்-டிர்’ என்று போட்டு ஒரு தனி ஃபோல்டர் பெயர் கொடுங்கள். பாதி வந்தவை அங்கே ஒதுங்கிக் காத்திருக்கும்.

ஆர்சிங்க் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். விண்டோஸில் 2018 முதல் எஸ்சிபி கூடவே வருகிறது, ஆர்சிங்க் வராது. யார்டு கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.லை அண்ணன் போட்டுக் கொடுக்கட்டும். ஆபீசில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு இதற்கென்றே வைத்துவிடலாம். வரி சரியாக வந்ததும் அதை ஒரு சின்ன பேட்ச் ஃபைலாக யார்டு டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால், அங்கிருக்கும் தம்பி இரண்டு முறை க்ளிக் செய்தால் போதும்.

முகவரி விஷயத்தில்தான் பல ஆபீசுகள் மாட்டிக்கொள்கின்றன. சிம் கார்டு இணைப்பிலும் சாதாரண பிராட்பேண்டிலும் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இருக்காது. பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்க வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து கூப்பிட்டால் கதவு எது என்று தெரியாது. ஆபீஸ் இணைப்புக்கு மட்டும் ஸ்டேட்டிக் ஐ.பி. கேட்டு வாங்குங்கள். யார்டுதான் ஆபீசைக் கூப்பிடப் போகிறது என்பதால் யார்டுக்கு அது தேவையில்லை.

கதவைத் திறந்து வைத்தால் திருடனும் தட்டுவான். எஸ்.எஸ்.ஹெச்.சின் 22ஆம் போர்ட் இணையத்தில் தெரிந்தால் உடனே உலகம் முழுவதிலுமிருந்து பாஸ்வேர்டு முயற்சிகள் வரும். ஆகவே பாஸ்வேர்டு நுழைவையே அடைத்துவிட்டு, சாவிக் கோப்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யார்டு கம்ப்யூட்டரில் ஒரு ஜோடி சாவி உருவாக்கி, பொதுச் சாவியை ஆபீசில் பதியுங்கள். ரகசியச் சாவி யார்டை விட்டு நகரக் கூடாது. யார்டில் பலர் வந்து போவார்கள், அந்தக் கம்ப்யூட்டரே காணாமல் போகலாம். அதனால் ஆர்சிங்கோடு வரும் ‘ஆர்ஆர்சிங்க்’ என்ற சிறு நிரலைக் கொண்டு, அந்தச் சாவியால் அந்த ஒரு ஃபோல்டரில் எழுத மட்டுமே முடியும் என்று கட்டிப்போடச் சொல்லுங்கள்.

எஃப்.டி.பி. போதுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் முதல் வடிவத்தை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் அணி மாணவர், அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தார். உலகம் கோப்பு அனுப்பக் கற்றது அந்த வழியில்தான். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் ஒருவரை ஒருவர் நம்பிய ஆராய்ச்சியாளர்களின் வலைக்காக எழுதப்பட்டது அது, பாஸ்வேர்டு லைனில் அப்படியே திறந்து போகும். ஃபின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையில் அப்படிப் பாஸ்வேர்டுகள் களவு போன பிறகுதான் 1995இல் தாத்து யுலோனென் எஸ்.எஸ்.ஹெச்.சை எழுதினார்.

நேரக் கணக்கு: ஒரு படம் 4 எம்.பி. என்றால் 500 படம் 2,000 எம்.பி. பிராட்பேண்டுக்காரர் சொல்லும் வேகம் மெகாபிட்டில் இருக்கும், ஒரு பைட்டுக்கு 8 பிட். அப்லோடு 20 எம்.பி.பி.எஸ். உண்மையாகவே கிடைத்தால் 13, 14 நிமிடம். 5தான் கிடைக்கிறது என்றால் முக்கால் மணிக்கு மேல். ஒரேயடியாகச் சாயங்காலம் அனுப்பாமல் மதியம் ஒருமுறை, 4 மணிக்கு ஒருமுறை என்று அடித்தால் பாரம் குறையும், போனவற்றை அது திரும்ப அனுப்பாது. சுங்கத்துக்காக ஈ-சஞ்சித்தில் ஏற்றும் ஆவணங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை டிஜிட்டல் கையெழுத்தோடு ஐஸ்கேட் வழியாகத்தான் போக வேண்டும்.

தகராறு கோர்ட் வரை போகக்கூடும் என்பதால் இதையும் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பை எழுத இடம் இருக்கிறது. எஸ்.ஹெச்.ஏ.256 அதற்கான முறைகளில் ஒன்று. கன்டெய்னர் நம்பரின் கடைசி இலக்கம் மாதிரியே, 64 எழுத்து நீளத்தில். படம் வந்த அன்றே எல்லாப் படத்துக்கும் ‘எஸ்ஹெச்ஏ256சம்’ கட்டளையை ஓட்டி, அந்தப் பட்டியலைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பிறகு யாரும் படத்தைத் திருத்தியதாகச் சொன்னால் பட்டியல் பதில் சொல்லும்.

‘டெலீட்’ என்ற விருப்பத்தை மட்டும் தொடாதீர்கள். யார்டில் இல்லாததை ஆபீசிலும் அழித்துவிடும். தம்பி இடம் பண்ணப் பழைய படங்களை அழித்த மறுநிமிடம் உங்கள் சாட்சியமும் போய்விடும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது நினைவிருக்கும். தரையில் வைத்த சி.பி.யூ.க்களின் கதி உங்களுக்கே தெரியும். யார்டும் ஆபீசும் ஒரே கரையில்தான் இருக்கின்றன. ஆகவே மூன்றாவது பிரதி ஒன்று இந்தப் பக்கமே இல்லாத ஊரில், மதுரையிலோ கோவையிலோ, இருக்கட்டும். ‘லிங்க்-டெஸ்ட்’ என்ற விருப்பத்தோடு தேதிவாரியாக வைத்தால், மாறாத படங்கள் இரட்டிப்பு இடம் பிடிக்காது.

தொடங்கும் நாளில் ஒரு சோதனை. 10 படத்தையும் ஒரு வீடியோவையும் அனுப்பச் சொல்லி, வீடியோ பாதி போகும்போது யார்டில் லேன் வயரை வேண்டுமென்றே பிடுங்கச் சொல்லுங்கள். ஆபீஸ் ஃபோல்டரைத் திறந்து என்னென்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். வீடியோவின் பெயர் அங்கே இருக்கக் கூடாது. வயரைச் செருகி, அதே வரியை மறுபடி அடித்து, இரண்டு பக்கமும் ஹேஷ் எடுத்து ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் மறுநாளிலிருந்து பென்டிரைவை நிறுத்திவிடலாம்.