மகப்பேற்றுச் சிகிச்சைக்கு முன் மூன்று மாதங்கள்

மழை பெய்து நிலம் நனைந்த அன்றே விதையைக் கொண்டுபோய் இறைத்துவிடும் விவசாயி எவரும் இலர். உழுது, எரு இட்டு, நல்ல விதையைத் தெரிந்தெடுத்து, விதை நேர்த்தி செய்த பின்னரே விதைக்கிறோம். திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. மணிலா இரகங்களைப் பயிரிட்டுப் பழகிய நம் பகுதி மக்களுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், பயிருக்குக் காட்டும் இந்த முன்யோசனையை மக்கட்பேற்றுக்கு நாம் காட்டுவதில்லை.

பெருமுக்கல் குன்றுக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து கணவனும் மனைவியும் நம் அலுவலகத்திற்கு வந்தனர். மணமாகி ஏழு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. "ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது, ஐயா. அதை அடகு வைத்துப் பட்டணத்தில் வைத்தியம் பார்க்கலாம் என்றிருக்கிறோம். யூனியனில் இதற்குக் கடன் ஏதும் உண்டா?" என்று கணவர் கேட்டார். அத்தகைய கடன் இல்லை என்று கூறி அனுப்பிவிட மனம் வரவில்லை. விசாரித்தபோது மூன்று செய்திகள் தெரிந்தன. மனைவி பல விரதங்களும் இருந்து, சந்தையில் விற்கும் பொடிகளையும் உண்டு பார்த்திருக்கிறார். வீட்டுச் சமையலுக்கு உப்பளத்திலிருந்து வரும் உப்பையே பயன்படுத்துகின்றனர். கணவருக்கோ இதுவரை ஒரு பரிசோதனைகூடச் செய்யப்படவில்லை. நிலத்தை அடகு வைப்பதற்கு முன் செய்யத்தக்கவை பல உள என்று அன்று அவர்களுக்குக் கூறினோம். அவற்றையே இங்கு யாவருக்கும் பயன்படும் பொருட்டு எழுதுகிறோம்.

விதை இருவருடையது

ஆண் விதை, பெண் நிலம் என்று எண்ணுவது நெடுநாள் வழக்கம். விளையாவிட்டால் நிலத்தின் மீது பழி போடுவது அதிலிருந்து பிறந்ததே. உண்மை வேறு. ஆணின் உயிரணுவும் பெண்ணின் கருமுட்டையும் சேர்ந்தே விதையாகின்றன. குழந்தையின் உடலமைப்பை வகுக்கும் மரபுப் பொருளில் பாதி தந்தையுடையது, பாதி தாயுடையது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் குறை காணப்படுகிறது. ஆதலின், பரிசோதனை இருவருக்கும் ஒரே காலத்தில் தொடங்குதல் வேண்டும். ஆணுக்குரிய முதற் சோதனை எளியது, செலவும் குறைவு.

பெண் குழந்தை பிறக்கும்போதே தன் கருமுட்டைகள் அனைத்தையும் உடன் கொண்டு வருகிறது. அப்போது அவை 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும். பருவமடையும் காலத்தில் 3 அல்லது 4 லட்சமாகக் குறையும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுபவை 400 அல்லது 500 மட்டுமே. வயது ஏற ஏற எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. 35 வயதிற்கு மேல் விரைந்து குறைகின்றன. இழந்த எண்ணிக்கையைத் திரும்பக் கொடுக்கும் உணவோ, மருந்தோ, மூலிகையோ இல்லை.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? கருமுட்டை தன் இறுதி வளர்ச்சியை முடித்து வெளிப்பட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆணின் உயிரணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகின்றன. அந்நாட்களில் உடலில் ஓடும் இரத்தம், உண்ணும் உணவு, உட்கொள்ளும் புகை ஆகியவற்றினிடையேதான் அவை வளர்கின்றன. ஆகவே, சிகிச்சைக்கு முந்திய மூன்று மாதங்களே நமது விதை நேர்த்திக் காலம்.

உப்பளத்து உப்பும் தைராய்டும்

மரக்காணம் உப்பளங்களை அண்டி வாழும் நமக்கு இது தனிக் கவனத்திற்குரியது. கடல் நீரிலிருந்து விளைந்த உப்பாதலின் அதில் அயோடின் நிறைந்திருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். பாத்தியிலிருந்து வாரிய உப்பில் அயோடின் மிகச் சொற்பமே. அயோடின் குறைந்தால் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி தளர்கிறது. அது தளர்ந்தால் மாதவிடாய் தவறும். கருமுட்டை முதிர்ந்து வெளிப்படுவது தடைப்படும். கருவுற்றாலும் சிதைவு நேரலாம். பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

இதனாலேயே, அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கென விற்பது 2006 மே மாதம் முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. தமிழ்நாடு உப்பு நிறுவனமும் அயோடின் உப்பைத் தயாரித்து வருகிறது. உப்பின் அளவைக் கூட்ட வேண்டுவதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டதே போதும். உப்பை மாற்றினால் போதுமானது. அதனை மூடியுள்ள பாத்திரத்தில் ஈரம் படாமல் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்த்தல் நன்று. ஏற்கெனவே தைராய்டுக் குறைவு உள்ளவர்களுக்கு உப்பு மட்டும் மருந்தாகாது. இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் வேண்டும்.

உணவும் இரத்தமும்

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டு. சோகையோடு கருவுறுவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, இரும்புச்சத்து மாத்திரைகளை விலையின்றிப் பெறலாம். மாத்திரை உண்ட உடனே தேநீர் பருகினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்பான கனிகள் அது சேர்வதற்கு உதவும்.

போலிக் அமிலம் மற்றொன்று. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படையான குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அதற்குள் அறிவதே இல்லை. ஆகையால் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு முன்பே, மருத்துவரைக் கேட்டுத் தொடங்குதல் வேண்டும்.

மற்றபடி, விலை மிகுந்த டப்பா உணவுகள் தேவையில்லை. முருங்கைக்கீரை, பயறு வகைகள், மணிலா, கேழ்வரகு, முட்டை, மரக்காணம் கரையில் கிடைக்கும் நெத்திலியும் மத்தியும் ஆகிய யாவும் நமக்கு எட்டியவையே. வீட்டில் யாவரும் உண்ட பின் எஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கம் முதலில் மாற வேண்டும். உடல் பருத்து, சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிடாய் தவறுபவர்கள், எடையில் 100க்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்குக் கருமுட்டை மீண்டும் ஒழுங்காக வெளிப்படுகிறது. மிக மெலிந்தவர்களோ எடை கூடுதல் வேண்டும்.

விலக்க வேண்டியவை

புகையிலை கருமுட்டைகளை விரைந்து அழிக்கிறது. ஆணின் உயிரணுவையும் கெடுக்கிறது. கணவர் வீட்டினுள் பீடி புகைத்தால் மனைவியும் அப்புகையை உட்கொள்கிறார். மதுவையும் இருவரும் விலக்குதல் வேண்டும்.

பூச்சிமருந்து பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மகப்பேற்றுச் சிகிச்சை பெற்ற பெண்களைக் குறித்து 2018இல் வெளிவந்த ஆய்வில், பூச்சிமருந்து எச்சம் மிகுந்த காய்கனிகளை அதிகம் உண்டவர்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. இது முடிந்த முடிபு அன்று. எனினும், மருந்து தெளிக்கும் வேலையிலிருந்து அப்பெண்களை விலக்கி வைப்பதும், காய்கறிகளை நன்கு கழுவுவதும் அறிவுடைமையாகும்.

வெயிலும் அத்தகையதே. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கொண்டு ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது. வயலிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் உழைத்த பெண்களும் அதில் அடங்குவர்.

இவற்றால் ஆகாதவை

1978இல் இங்கிலாந்திலும், அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியாலும் சோதனைக்குழாய் முறையில் குழந்தைகள் பிறந்தன. இன்று அச்சிகிச்சை பெருகியுள்ளது. அடைபட்ட கருக்குழாயை எந்தக் கீரையும் திறக்காது; உயிரணுவே இல்லாத குறையை எந்த உணவும் நீக்காது. அவர்களுக்குச் சிகிச்சையே வழி. ஆதலின், இயற்கை முறை என்று சொல்லிக்கொண்டு காலத்தைக் கடத்துதல் கூடாது. 35 வயதிற்கு உட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டாலும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பரிசோதனைகள் நடக்கும் காலத்திலேயே மேற்கூறிய நேர்த்தியும் நடக்கட்டும்.

திண்டிவனம் அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு அண்மையில் உள்ளன. முதலில் அங்குச் செல்லலாம். தனியாரிடம் செல்ல நேர்ந்தால், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற நிலையம்தானா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் நான்கு செயல்களைச் செய்யலாம். ஊர்க் கடைகளில் அயோடின் உப்பே உணவுக்கு விற்கப்படுவதை உறுதி செய்யலாம். உப்பளம் முதலிய வேலையிடங்களில் நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் அமையப் பாடுபடலாம். கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு, புதிதாக மணந்த தம்பதிகளுக்கு இச்செய்திகளை எடுத்துரைக்கச் செய்யலாம். நான்காவது, செலவே இல்லாதது: குழந்தையில்லாத பெண்ணை வளைகாப்பிலும் சுப காரியங்களிலும் ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைத் தம் வீட்டிலிருந்தே ஒழிக்கலாம்.

நம்மிடம் வந்த தம்பதிகள் இருவரும் பரிசோதனை செய்து கொண்டனர். மனைவிக்குச் சோகையும் தைராய்டுக் குறைவும் இருந்தன. கணவருக்கு உயிரணு குறைவாக இருந்தது. கணவர் பீடியை விட்டிருக்கிறார். அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடர்கிறது. முடிவு இனித்தான் தெரிய வேண்டும். நிலம் இன்னும் அடகு வைக்கப்படவில்லை. "குறை இருவரிடமும் இருக்கிறது என்று தெரிந்ததே பெரிய ஆறுதல், ஐயா" என்று அந்த அம்மையார் கூறினார். அவ்வாறுதல் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். இனி நம் ஊர்களில் எந்தப் பெண்ணும் அத்தனை ஆண்டுகள் காத்திராதபடி செய்வது நம் அனைவரின் பொறுப்பாகும்.