மிளகாய்ச் செடியின் இலை கூறும் செய்தி

நம் சமையலுக்கு இன்றியமையாததாகிவிட்ட மிளகாய் இந்நாட்டில் தோன்றிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்த இது, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வாயிலாக இந்தியக் கரையை அடைந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். இன்றோ கொல்லையிலும் மாடித் தொட்டியிலும் ஓரிரு மிளகாய்ச் செடிகளை வளர்ப்போர் பலர். வளர்ப்போர் அனைவரும் கேட்கும் கேள்வியும் ஒன்றே: "நன்றாக வளர்ந்த செடியின் இலை ஏன் இவ்வாறாயிற்று?"

இக்கேள்வி எழுந்தவுடன் ஒருவர் உரமிடுக என்பார். மற்றொருவர் நீரை மிகுதியாக விடுக என்பார். இன்னொருவர் மருந்து தெளிக்க என்பார். நாடி பாராது மருந்தளிக்கும் வைத்தியன் செயலை ஒப்பது இது. செடிக்கு வாயில்லை எனினும் இலை உண்டு. அதனிடம் மூன்று வினாக்களை முறையே கேட்டல் வேண்டும். கேடு முதிர்ந்த இலையிலா, குருத்திலையிலா? மாறியது நிறமா, வடிவமா? இலையின் அடிப்புறத்தில் இருப்பது யாது?

முதற்கண் நிறத்தை நோக்குவோம். கீழுள்ள முதிர்ந்த இலைகள் முழுதும் வெளுத்து மஞ்சளாயின், தழைச்சத்துக் குறைவெனக் கருதலாம். வீட்டில் உணவு குறையுங்கால் மூத்தோர் தம் பங்கை இளையோர்க்கு ஈவது போல, செடியும் முதிர்ந்த இலையிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகின்றது. முதிர்ந்த இலையில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாயின் மக்னீசியக் குறைவு எனலாம். இரும்புச் சத்தோ ஓரிலையிற் சேர்ந்தபின் வேறிலைக்கு எளிதிற் செல்லாது. ஆதலின் அதன் குறைவு குருத்திலேயே தோன்றும். நரம்புகள் பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் காணப்படும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமற் போவதுண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னர் ஒன்றைச் சோதித்தல் நலம். விரலை மண்ணில் ஓரங்குலம் ஆழ்த்திப் பார்க்க. மண் எப்போதும் சேறாக இருப்பின், தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கலாம். வேருக்கு நீரேயன்றிக் காற்றும் வேண்டும். காற்றற்ற வேர் அழுகும். அழுகிய வேர் நீரையும் சத்தையும் ஏற்காது. அப்போது ஈரத்தின் நடுவிலேயே செடி வாடி மஞ்சளாகும். அதனைக் கண்டு மேலும் நீர் விடுவோர் செடிக்குக் கேட்டையே தேடுவர்.

இனி வடிவத்தை நோக்குவோம். குருத்திலைகள் ஓரம் மேனோக்கி மடங்கித் தோணி போலாயின், இலைப்பேனை ஐயுறுக. கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டினால், சிறு துரும்பு போன்ற பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, இலை குறுகித் தோன்றின் மஞ்சள் சிலந்தியின் வேலையாகும். வெறுங்கண்ணுக்கு எளிதில் தோன்றாத இதனைப் பூதக்கண்ணாடி கொண்டு இலையின் அடிப்புறத்தில் தேடல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை அறிவதால் பயன் என்னை? இலைப்பேன் ஆறு கால்களையுடைய பூச்சி. வளர்ந்த சிலந்தியோ எட்டுக் கால்களையுடைய வேற்றினம். எனவே பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல சிலந்தியை ஒன்றும் செய்வதில்லை. நனையும் கந்தகத் தூள் சிலந்திக்கு ஏற்றது. இலைப்பேனுக்கு அதனை நம்புதல் வீண். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பின் தூளை இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தல், சாறுறிஞ்சும் பூச்சிகளைக் குறைக்கும் எளிய முறை. வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரத்துக்குள் கந்தகம் இடலாகாது, கடும் வெயிலிலும் இடலாகாது, இலை கருகும். சுருண்ட செடிக்குத் தழையுரத்தை அள்ளியிடுதலும் தவறு. உரமிகுதியால் மென்மையுற்ற கொழுந்து அவ்வுயிர்களுக்கு விருந்தாகிவிடும்.

மூன்றாவது கேடு வைரஸால் வருவது. வெள்ளை ஈ இதனைச் செடிக்குச் செடி பரப்பும். இலை சிறுத்துச் சுருண்டு, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, செடி புதர் போற் குறுகி நிற்கும். இலைப்பேன் செய்த சுருளோடு இதனை மயங்குதல் எளிது. மயக்கம் தீர்ப்பது புதிய கொழுந்தே. ஒரு முறை சுருண்ட இலை எம்மருந்தாலும் நிமிர்வதில்லை. ஆதலின் பழைய இலையைக் கண்டு மனந்தளர வேண்டா. தொட்டியைத் தனியே ஒதுக்கி, பூச்சியை அடக்கி, இரண்டு வாரம் காத்திருக்க. புதுக் கொழுந்து செவ்வனே விரிந்தால் செடி பிழைத்தது. பூச்சி நீங்கிய பின்னும் கொழுந்து சுருண்டே பிறந்தால் வைரஸ் எனக் கொள்ளலாம்.

வைரஸுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. அதனை வேரோடு களைந்து அப்புறப்படுத்தலே தக்கது. கையால் விதைத்து நாளும் நீர் வார்த்த செடியைப் பிடுங்க மனம் வாராமை இயல்பே. எனினும் இரக்கத்தால் அதனை விட்டுவைப்பின், அருகிலுள்ள நலமான செடிகளுக்கும், அடுத்த வீட்டுத் தக்காளிக்கும் நாமே தீங்கு செய்தவராவோம்.

ஆதலின், மாணவ நண்பர்களே, உரப்பையையும் மருந்துக் குப்பியையும் எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்டதைக் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யுங்கள். அதன் பயனைப் புதுக்கொழுந்திற் காணுங்கள். ஆய்வுக்கூடத்திற் பயிலும் அறிவு முறையும் இதுவே. ஒரு தொட்டிச் செடியும் அதனை நமக்குக் கற்பிக்க வல்லது.